நஞ்சைச் சேற்றில் நைட்ரஜன் படும் பாடு

சம்பாப் பயிர் தூர் கட்டும் தருணத்தில் மேலுரமாக யூரியா இடப்படுகிறது. வயலில் மூன்று விரற்கடை நீர் நிற்கிறது. உரம் அந்நீரின்மேல் விசிறப்படுகிறது. நான்கைந்து நாட்களில் பயிர் கரும்பச்சையாகத் திரும்புகிறது. இரண்டு வாரம் கழிவதற்குள் அந்தப் பச்சை மங்கி, அடியிலைகள் வெளுக்கத் தொடங்குகின்றன. அடுத்த தவணைக்குரிய நாள் வருமுன்பே நிலக்காரர் மற்றொரு மூட்டைக்காகக் கூட்டுறவுச் சங்கத்தை நாடுகிறார். உரத்தில் கலப்படம் என்றும், மண் சத்துக் கெட்டுவிட்டது என்றும் ஊரில் பேச்சு எழுகிறது. கலப்படம் சிற்சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலான வயல்களில் உரம் நல்ல உரமே. மண்ணும் பழைய மண்ணே. இட்ட சத்து பயிரின் வேரை அடையுமுன் மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்களின் கைக்குச் சென்று, அவற்றுள் சிலவற்றால் மீண்டும் காற்றாக மாற்றப்பட்டுவிடுகிறது என்பதே அங்கு நிகழ்வது.

இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. 45 கிலோ நிறையுள்ள ஒரு மூட்டை யூரியாவில் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் ஏறக்குறைய 20.7 கிலோ இருக்கிறது. நீர் தேங்கும் நெல்வயலில், கவனமின்றி இட்ட நைட்ரஜனில் சாதாரணமாக 100க்கு 30 முதல் 40 பங்குதான் பயிரில் ஏறுகிறது. அதாவது மூட்டை ஒன்றுக்கு 6 முதல் 8 கிலோ. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் தங்கிப் பின்பயிருக்கு உதவும். மற்றொரு பெரும்பகுதி காற்றோடு கலந்துவிடும். விலையில் பெரும்பங்கை அரசாங்கம் மானியமாக ஏற்றுக்கொள்வதால் இந்த நஷ்டம் குடியானவரின் கைக்கணக்கில் தெரிவதில்லை. முழு விலையும் அவர் தலையில் விழுந்திருக்குமாயின், உரத்தை நீரின்மேல் விசிறும் வழக்கம் எப்போதோ நின்றுபோயிருக்கும்.

காற்றிலிருந்து மண்ணுக்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் 100 பங்குக்கு 78 பங்கு நைட்ரஜன். ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் நிற்கும் காற்று முழுவதிலும் அடங்கிய நைட்ரஜனை நிறுத்தால் 31,000 டன்னுக்குக் குறையாது. இவ்வளவு செல்வம் தலைமேல் இருக்க, வெறும் 40 அல்லது 50 கிலோ நைட்ரஜனுக்காக நெற்பயிர் வாடுவது வியப்பே. காரணம் யாதெனில், காற்றிலுள்ள நைட்ரஜனின் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுகப் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பை அவிழ்க்கும் ஆற்றல் நெல்லுக்கோ, கரும்புக்கோ, வேறெந்தப் பயிருக்குமோ இல்லை. அம்மோனியா அல்லது நைட்ரேட் என்னும் உப்பு வடிவில் மண்ணீரில் கரைந்து வந்தால்தான் வேர் அதனை உறிஞ்சும்.

இப்பிணைப்பை மின்னல் சிறிதளவு அவிழ்க்கிறது. 1913ஆம் வருஷத்தில் ஜர்மனியில் ஓப்பாவ் என்னுமிடத்தில் நிறுவப்பெற்ற தொழிற்சாலை தொடங்கி, மிகுந்த உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் கொண்டு மனிதரும் அவிழ்த்து வருகின்றனர். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் அவ்வழியே வருவன. ஆனால் அனலும் அழுத்தமும் இன்றி, சாதாரணச் சேற்றின் குளிர்ச்சியிலேயே அதனை அவிழ்க்கும் கிருமிகளும் பாசிகளும் உலகில் மனிதர் தோன்றுமுன்பே இருந்தன. அவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும். அவை சேர்த்ததை மீண்டும் காற்றுக்கே கொடுத்துவிடும் கிருமிகளும் அதே மண்ணில் உண்டு. அவ்வாறு கொடுப்பன இல்லாவிடில் பூமியின் நைட்ரஜன் முழுவதும் நாளடைவில் மண்ணிலும் கடலிலும் சென்று முடங்கிவிடும் ஆதலால், இயற்கையின் கணக்கில் அவையும் வேண்டியவையே. குடியானவரின் கணக்கில்தான் அவை நஷ்டம் செய்வன.

அழுகலும் வெடியுப்பும்

வயலில் மிதித்த தழையும், கொட்டிய எருவும், செத்த புழுவும் முதலில் அழுகுகின்றன. அழுகுதல் என்பதே நுண்ணுயிர்கள் உண்ணும் தொழில். அவை உண்டு மிகுந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிப்படுகிறது. மாட்டுக்கொட்டகையில் காலையில் மூக்கைத் துளைக்கும் நெடி இந்த அம்மோனியாவே. யூரியா இட்டாலும், மண்ணிலுள்ள ஒருவகைப் புளிப்புப் பொருளால் இரண்டு மூன்று நாட்களில் அது அம்மோனியாவாகவே மாறுகிறது. ஆகவே தழை இட்டவருக்கும் மூட்டை இட்டவருக்கும் இதுவரை வழி ஒன்றே.

காற்றோட்டமுள்ள மண்ணில் இந்த அம்மோனியா நெடுநாள் நிலைப்பதில்லை; நைட்ரேட்டாக மாறிவிடுகிறது. இம்மாற்றம் வெறும் இரசாயன மாற்றமென்றே முற்காலத்தில் கருதப்பட்டது. 1877ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, அதன்வழியே சாக்கடைநீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டனர். ஏறத்தாழ 20 நாள் வரை யாதொரு மாறுதலும் இல்லை. அதன்பின் வடிந்த நீரில் நைட்ரேட் தோன்றலாயிற்று. வெறும் இரசாயன மாற்றமாயின் முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். பின்னர் அவர்கள் குளோரோபாரம் என்னும் மயக்கமருந்தின் ஆவியைக் குழாயினுள் செலுத்தினர். நைட்ரேட் உண்டாவது நின்றுவிட்டது. மருந்தை நீக்கி, சிறிது தோட்டமண் கரைத்த நீரை ஊற்றியபோது மீண்டும் தொடங்கிற்று. மயங்கி நின்றதும் மறுபடி பெருகியதும் உயிருள்ள பொருளாகவே இருத்தல் வேண்டும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 1890ஆம் வருஷத்தில் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய விஞ்ஞானி அக்கிருமிகளைப் பிரித்தெடுத்து, அவை இரண்டு படிகளில் வேலை செய்வதையும் காட்டினார்.

நம் நாட்டினர் இக்கிருமிகளின் பெயரை அறியாவிடினும் அவற்றின் விளைவை நன்கு அறிந்திருந்தனர். வெடியுப்புக் காய்ச்சியோர், மாடு கட்டிய இடத்து மண்ணையும் இடிந்த பழஞ்சுவர் மண்ணையும் ஊர் நத்தத்து மண்ணையும் கரைத்து வடித்தே உப்பெடுத்தனர். புஞ்சைக்கு நத்தத்து மண்ணை வண்டியில் அடித்த வழக்கத்திற்கும் காரணம் இதுவே. புழுதி நன்கு காயுமாறு உழுதால் எருவின்றியும் விளையும் என்று திருக்குறளில் உழவு அதிகாரம் சொல்வதிலும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. காய்ந்த மண் நனையும்போது நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகி, மட்கிலுள்ள நைட்ரஜனை ஒருங்கே வெளிப்படுத்துகின்றன. கிழக்கு ஆப்பிரிக்க மண்களில் இதனை பர்ச் என்பவர் ஆராய்ந்து 1958ஆம் வருஷத்தில் வெளியிட்டார்.

புஞ்சைக்கு இவையெல்லாம் நன்மையே. நைட்ரேட் நீரில் எளிதில் கரையும். மண் அதனைப் பற்றி வைத்துக்கொள்வதில்லை. ஆதலின் வேருக்கு விரைந்து எட்டும். அதே காரணத்தால், தோட்டக்கால்களில் அளவுக்கு மிஞ்சி உரமிட்டு நீரும் மிஞ்சிப் பாய்ச்சினால், அது கீழிறங்கிக் கிணற்றை அடையும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர விதி. குடிநீர்க் கிணறுகளுக்குப் பொறுப்புள்ள கிராம அதிகாரிகள், எருக்குழியும் தீவிரச் சாகுபடியும் அருகே உள்ள கிணற்று நீரை அவ்வப்போது பரீக்ஷைக்கு அனுப்புதல் நலம்.

நஞ்சையின் கதையோ முற்றும் வேறு.

சேற்றின் இரண்டு அடுக்குகள்

இதனை எவரும் தம் வீட்டிலேயே பார்க்கலாம். வாயகன்ற கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் முக்கால் பாகம் நஞ்சை மண்ணும், அதனுடன் ஒரு பிடி நறுக்கிய பச்சிலையும் இட்டுக் குழைத்து, மேலே இரண்டு அங்குலம் நீர் நிற்கும்படி ஊற்றி, திண்ணையில் வெளிச்சம் படும் இடத்தில் வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் மண் இரண்டு நிறமாகப் பிரிந்திருக்கும். நீரை ஒட்டிய மேற்பரப்பில், நெல்மணியின் பருமனிலிருந்து அரை அங்குலம் வரை, செம்பழுப்பான ஒரு மெல்லிய தோல் காணப்படும். அதன்கீழ் முழுவதும் கருநீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். கண்ணாடியை ஒட்டிக் குமிழிகள் நிற்கும். பாத்திரத்தைத் தட்டினால் அவை மேலெழும்.

நிறம் மாறியதன் காரணம் பிராணவாயு. நீருக்குள் காற்று மிக மெதுவாகவே இறங்குகிறது. இறங்கிய சிறிதளவையும் மேற்பரப்பிலுள்ள உயிர்களே உண்டுவிடுகின்றன. ஆதலால் மேல் தோல் மட்டும் காற்றுள்ள மண். அதிலுள்ள இரும்பு துருவின் நிறத்தில் இருக்கிறது. அதன்கீழே பிராணவாயு அறவே இல்லை. இரும்பும் தன் துருநிறத்தை இழந்துவிடுகிறது. சேற்றிலிருந்து பிடுங்கிய நெல்வேரின்மீது செம்பழுப்புப் பூச்சு காணப்படுவதும் இங்கு நினைக்கத்தக்கது. நெற்பயிர் தன் தண்டிலும் வேரிலுமுள்ள துளைகளின் வழியே காற்றைக் கீழே கொண்டுசென்று, வேரைச் சுற்றித் தனக்கென ஒரு துருத்தோலை உண்டாக்கிக்கொள்கிறது. காற்றில்லாச் சேற்றில் அது வாழும் உபாயம் இதுவே.

நைட்ரஜனின் விதி இவ்விரண்டு அடுக்குகளுக்கு இடையே நிர்ணயமாகிறது. கருஞ்சேற்றில் அம்மோனியா இருந்தால், அங்குப் பிராணவாயு இல்லாமையால் நைட்ரேட்டாக்கும் கிருமிகள் வேலை செய்யா. அம்மோனியாவைக் களிமண் துகள்கள் இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் வந்து எடுக்கும் வரை அது பெட்டியில் வைத்த பணம்போல் அங்கேயே இருக்கும். ஆனால் மேல் தோலில் அம்மோனியா இருக்குமாயின் அங்குள்ள கிருமிகள் அதனை நைட்ரேட்டாக்கிவிடும். மண் பற்றாத அந்த நைட்ரேட் நீரோடு ஓர் அங்குலம் கீழே இறங்கினால் போதும், கருஞ்சேற்றை அடைந்துவிடும். அங்கே பிராணவாயுவுக்குத் தவிக்கும் வேறு கிருமிகள் காத்திருக்கின்றன. அவை நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கிச் சுவாசித்துக்கொண்டு, மிஞ்சிய நைட்ரஜனை வாயுவாக வெளிவிடுகின்றன. குமிழியாக எழுந்து அது காற்றில் கலக்கிறது. காசு கொடுத்து வாங்கியது புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிட்டது. போகும் வழியில் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவாகவும் தப்புகிறது. நிறைக்கு நிறை அது கரியமில வாயுவைக் காட்டிலும் 270 மடங்கு அளவில் பூமியின் வெப்பத்தைக் கூட்டவல்லது.

இச்சேற்று வாயுக்களைப் பற்றிய முதன்மையான ஆராய்ச்சிகளுள் ஒன்று கோயமுத்தூரில் நடந்தது என்பதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பெருமையுடன் அறியலாம். இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விளங்கும் இடத்தில், அந்நாளில் விவசாயக் கலாசாலை இருந்தது. அங்கு ஹாரிஸன் என்னும் இரசாயன நிபுணரும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல்வயல் சேற்றிலிருந்து எழும் வாயுக்களைச் சேகரித்துப் பகுத்து, 1913ஆம் வருஷம் முதல் தொடர்ந்து வெளியிட்டனர். அவ்வாயுக்களில் பெரும்பகுதி சதுப்பு வாயுவான மீத்தேனும் நைட்ரஜனுமே எனக் கண்டனர். அதனினும் முக்கியமாக, மண்ணின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய தோலில் வாழும் உயிர்கள், கீழிருந்து வரும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் எரித்துக் கரியமில வாயுவாக்குகின்றன என்றும், அதனை உண்ணும் பாசிகள் பகலில் பிராணவாயுவை விடுகின்றன என்றும், அப்பிராணவாயு நீரில் கலந்து வேர்களுக்கு உதவுகிறது என்றும் காட்டினர்.

ஆகவே இந்த மேல் தோல் பயிருக்குப் பகையன்று; அதன் மூச்சுக்கு உதவுவதும் அதுவே. அது நஷ்டம் செய்வது அம்மோனியாவை அதன் கையில் நாமே கொடுக்கும்போதுதான். இரண்டு அடுக்குகளும் சேர்ந்து செய்யும் இந்த நஷ்டத்தை நெல்வயலில் விளங்கக் காட்டி, உரத்தை உழவடுக்கு முழுவதும் கலந்து இடும் முறையை ஜப்பானில் ஷியோயிரி என்பவர் 1940களில் வற்புறுத்தினார். அங்கு அம்முறை வேரூன்றியது. இங்கு இன்னும் விசிறும் கையே மேலோங்கி நிற்கிறது.

உரமிடும் முறையில் மாற்றம்

மேற்கூறியவற்றிலிருந்து செய்யவேண்டியது தானே விளங்கும். அடியுரமாக இடும் யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ கடைசிச் சேற்றுழவின்போது இடப்பட்டு, உழவின் ஆழம் முழுவதும் கலந்து, பரம்படித்தபின் நீர் வற்றவிடாமல் நடப்பட வேண்டும். நடவு முடிந்தபின் அடியுரம் விசிறுவது அடியுரமாகாது. அது மேல் தோலுக்கு இட்ட விருந்தே. நைட்ரேட் கலந்த உரங்களை நெல்லுக்கு அடியுரமாக இடவே கூடாது. கடைகளில் எது கிடைக்கிறதோ அதை வாங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

மேலுரம் இடும்போது முதலில் வயலின் நீரை வடித்துவிட வேண்டும். மண் சேறாக இருக்கட்டும். மேலே நீர் நிற்கலாகாது. அதன்மேல் யூரியாவைத் தூவி, உருளும் களைக்கருவியை ஒருமுறை வரிசைகளுக்கிடையே ஓட்டினால் உரம் சேற்றினுள் அமுங்கும். கருவி இல்லாதவிடத்து, உரம் தூவியவுடன் நீரை விட்டால், யூரியா மாறுமுன்பே கரைந்து நீருடன் மண்ணுக்குள் இறங்கும். அதன்பின் மடையை அடைத்துச் சில நாட்கள் நீர் வெளியேறாமல் காக்க வேண்டும். அண்டை வயலுக்குத் தன் வயல் வழியாகவே நீர் போகும் ஊர்களில் இது எளிதன்று. அத்தகைய இடங்களில் உரமிடும் நாளை மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் கூடிப் பேசி முடிவு செய்யாவிடில், மேலே இட்டது கீழே போய்த் தொலையும். பாசனச் சங்கங்கள் இருக்குமிடத்தில் அதன் தலைவர்கள் இதில் தலையிடுவது பயன்தரும்.

நீரின்மேல் விசிறுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. உச்சிவெயிலில் வயல் நீரிலுள்ள பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அந்த நேரத்தில் நீரில் கரைந்திருக்கும் அம்மோனியா நேரே ஆவியாகவே பறந்துவிடும். களர் நிலங்களில் இந்நஷ்டம் மேலும் அதிகம். காற்று வீசும் நண்பகலில் யூரியா விசிறுவதைக் காட்டிலும் கெட்ட வேளை வேறில்லை.

யூரியாவை வேப்பம் புண்ணாக்குடன் கலந்து இடுவது பழக்கத்திலுள்ள நல்ல முறை. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்னும் அளவில் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடுமாறு கோயமுத்தூர் பல்கலைக்கழகம் கூறுகிறது. வேம்பிலுள்ள கசப்புப் பொருள்கள் நைட்ரேட்டாக்கும் கிருமிகளின் வேகத்தைத் தணிக்கின்றன. ஷ்லோசிங், மூன்ட்ஸ் இருவரும் மயக்கமருந்தால் செய்ததை, ஓரளவிற்கு வேம்பு செய்கிறது எனலாம். 2015ஆம் வருஷம் முதல் இந்தியாவில் விற்கப்படும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பூச்சு இருக்கிறதென்று நம்பி மறுபடியும் நீரின்மேல் விசிறுவோர் உண்டு. பூச்சு தாமதிக்கச் செய்யுமேயன்றித் தடுத்துவிடாது.

இனிக் காய்ச்சலும் பாய்ச்சலும். நீர்ப்பஞ்சத்தினால் இம்முறை பரவி வருவது நல்லதே. சேற்றில் மீத்தேன் உண்டாவதும் இதனால் குறைகிறது. ஆனால் மண் பாளம்பாளமாக வெடிக்கும் வரை காயவிட்டால், விரிசல் வழியே காற்று கருஞ்சேற்றினுள் புகுந்து, அங்குப் பத்திரமாயிருந்த அம்மோனியா நைட்ரேட்டாகிறது. மறுநாள் நீர் பாய்ந்தவுடன் அது வாயுவாகிப் போகிறது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால் அடியுரம் இட்ட பயனே இராது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் ஊன்றி, அதனுள் நீர்மட்டம் மண் பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சினால் மண் வெடிக்க இடமில்லை. பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் குறையாது நிற்க வேண்டும். முறை நீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக் குடியானவருக்கு இந்த அளவெல்லாம் கைகூடாது. அவர்கள் ஒரே தவணையில் மிகுதியாக இடாமல், நீர் வரும் நாளைப் பார்த்துச் சிறுகச் சிறுக இடுவதே தக்கது.

வெளுத்த பயிரெல்லாம் நைட்ரஜன் குறைந்த பயிரென்று எண்ணுவதும் தவறு. அடியிலைகள் முதலில் வெளுத்தால் நைட்ரஜன் குறையாக இருக்கலாம். நட்ட சில வாரங்களில் இலைகளில் துருப்புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால் அது துத்தநாகக் குறையாக இருக்கக்கூடும். அங்கு யூரியா கொட்டுவதால் பயனில்லை.

தழையும் பாசியும்

காற்றிலிருந்து நைட்ரஜனைக் கொணரும் உயிர்களுள், நெல்வயலில் தானாகவே வந்து குடியேறுவன நீலப்பச்சைப் பாசிகள். பல்லாண்டு எருவின்றி விளைந்த வயல்கள் முற்றும் வற்றிப்போகாததன் காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. வங்காளத்து நெல்வயல் மண்களை ஆராய்ந்த பி. கே. டே என்பவர், அதற்கு முதன்மையான காரணம் இப்பாசிகளே என்று 1939ஆம் வருஷத்தில் வெளியிட்டார். இவற்றை நட்ட 10ஆம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம் தூவலாம். மெல்லிய நீர்ப்படலம் நிற்க வேண்டும். அஸோலா என்னும் நீர்ப்பெரணியின் இலைக்குழிகளிலும் இவ்வினத்துப் பாசியே வாழ்கிறது. அஸோலாவை நட்ட 3 முதல் 5 நாட்களில் ஹெக்டேருக்கு 250 கிலோ வீதம் விட்டு, களையெடுக்கும்போது மிதித்துவிட வேண்டும். மிதிக்காமல் மிதக்கவிட்டால் அந்தப் போகத்திற்கு உதவி சொற்பமே. இவற்றை மட்டுமே நம்பி உரத்தை அறவே நிறுத்தலாம் என்று சொல்வோர் பேச்சு மிகை. உரத்தில் ஒரு பகுதியைக் குறைக்கலாம் என்பதே சரி.

எனினும் இவையனைத்தினும் கைகண்ட உதவி தக்கைப்பூண்டும் சணப்பையும் கொழிஞ்சியும் தருவதே. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் கிருமிகள் பயிரிடமிருந்து சர்க்கரையைப் பெற்று, மாற்றாக நைட்ரஜனைக் கொடுக்கின்றன. ஜர்மானியரான ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் இதனை 1886ஆம் வருஷத்தில் அறிவித்தனர். நஞ்சையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 40, 45 நாளில், தண்டு முற்றுமுன் மிதித்தால், நன்கு வளர்ந்த பயிரிலிருந்து ஏக்கருக்கு 30 கிலோ அளவில் நைட்ரஜன் சேரும். அதில் ஒரு பகுதி மண்ணிலிருந்தே எடுத்ததாயினும் பெரும்பகுதி புது வரவு.

மிதிக்கும் முறையிலும் அதே இரண்டு அடுக்குகளின் விதி பொருந்தும். ஈரங்காய்ந்த நிலத்தில் தழையை உழுதுவிட்டு, அணைநீர் வரும் வரை மூன்று நான்கு வாரம் போட்டுவைப்பது வீண். அதற்குள் தழை மட்கி நைட்ரேட்டாகி, நீர் பாய்ந்ததும் காற்றாகப் போய்விடும். நீர் நிறுத்தியே மிதித்து, ஒரு வாரத்திற்குள் நட்டுவிட வேண்டும். இளந்தழை விரைவில் மட்கும். அதிலிருந்து வெளிப்படும் அம்மோனியா கருஞ்சேற்றில் தங்கி, நாற்று வேர்விடும்போது கிடைக்கும். வேம்பு, புங்கு, கிளிரிசிடியா முதலிய மரத்தழைகளில் முற்றிய குச்சிகளை நீக்கி இட்டால்தான் இவ்வேகம் வாய்க்கும்.

வைக்கோலும் தாளும் இதற்கு மாறானவை. அறுவடை இயந்திரம் ஓடிய வயல்களில் வைக்கோல் குவியலாக உழப்படுகிறது. வைக்கோலில் நைட்ரஜன் மிகக் குறைவு. அதனை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள், தம் உடலுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தும் அடியுரத்திலிருந்தும் கடனாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் நட்ட பயிர் இரண்டு மூன்று வாரம் வெளுத்து நிற்கும். இங்கு நைட்ரஜன் போய்விடவில்லை, பின்னர்த் திரும்பும். அறுவடை முடிந்தவுடனே வைக்கோலை உழுதுவிட்டு நடவுக்குமுன் போதிய காலம் கொடுத்தால் இத்தொல்லை இல்லை. கொளுத்திவிடுவது எளிது என்பார்கள். கொளுத்தினால் அதிலிருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி அந்தப் புகையுடனேயே போகும்.

சம்பா அறுவடைக்குப்பின் ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் பயறும் இக்கணக்கில் சேர்க்கவேண்டியவை. நெல்வயல் நீரில் பல மாதம் மூழ்கிக் கிடப்பதால் முடிச்சுக்கிருமிகள் சில வயல்களில் குறைந்துபோகின்றன. விதையை அரிசிக் கஞ்சியில் குழைத்த ரைஸோபியம் நுண்ணுயிர் உரத்தில் புரட்டி நிழலில் உலர்த்தித் தெளித்தால் அக்குறை தீரும். பூசணக்கொல்லி மருந்து கலந்த விதையாயின் ஒரு நாள் கழித்தே இதனைப் புரட்ட வேண்டும்; உடனே புரட்டினால் அம்மருந்து கிருமிகளையும் கொல்லும். பூக்கும் தருணத்தில் வயலின் நான்கைந்து இடங்களில் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர்முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். உட்புறம் இரத்தச்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தாலும், முடிச்சுகளே அரிதாக இருந்தாலும், அடுத்த வருஷம் அந்த வயலுக்கு நுண்ணுயிர் கலவாத விதையைத் தெளிக்கலாகாது.